காலிப் பொட்டலம் அனுப்பிய நாள்

அப்பாவுக்கு என்ன வேலை என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால், ‘நெட் வேலை’ என்று சொல்லிவிட்டு வருகிறீர்கள். சரிதான். ஆனால் அதில் பாதி நேரம் நான் செய்வது, ஒன்றுமே இல்லாததை அனுப்பி, அது ஒழுங்காகப் போய்த் திரும்பியதா என்று பார்ப்பதுதான்.

புதிதாக ஒரு ஃபைபர் லைன் இழுத்தால், அதை யாருக்கும் திறந்துவிடும் முன் சோதனைப் பொட்டலங்களை விடுவோம். உள்ளே சேதி இருக்காது, வெறும் வரிசை எண் இருக்கும். இந்தப் பக்கத்து மெஷினின் போர்ட்டிலிருந்து, அதாவது கேபிள் மாட்டும் துளையிலிருந்து கிளம்பி, அந்தப் பக்கத்துப் போர்ட்டில் நாங்கள் மாட்டும் ஒரு துண்டுக் கேபிளைச் சுற்றிக்கொண்டு அப்படியே திரும்பி வரும். அந்தத் துண்டுக்கு லூப் என்று பெயர். எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது, வர எவ்வளவு நேரம் பிடித்தது என்று மெஷின் அளந்து சொல்லும்.

ஜெகதாப்பட்டினம் பக்கத்தில் ஒரு சுகாதார நிலையத்துக்கு அப்படித்தான் போயிருந்தேன். முந்தின வாரம் அங்கே நெஞ்சு வலியோடு ஒரு மீனவரைத் தூக்கி வந்திருக்கிறார்கள். ஈசிஜி எடுத்து புதுக்கோட்டை டாக்டருக்கு அனுப்பினால், பழைய லைனில் படம் போய்ச் சேரவில்லை.

“பாதியிலேயே நின்னுருச்சுண்ணே” என்றார் அங்கிருந்த நர்ஸ். “டாக்டரு பாக்காமலே வண்டியில ஏத்திவிட்டோம். பொழைச்சுக்கிட்டாரு. அவரு சம்சாரம் என் மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னுச்சு பாருங்க, அது இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு. இந்த லைனாச்சும் நிக்குமா?”

“காலிப் பொட்டலம் விட்டுப் பாத்துருவோம் சிஸ்டர்” என்றேன்.

புதுக்கோட்டையில் மெஷினோடு என் கூட்டாளி உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

“மாப்ளே, சுத்தம்! ஒண்ணுகூடத் தொலையல. போனது தெரியல, வந்துருச்சு. கெளம்பி வா.”

நான் கையைப் பார்த்தேன். லூப் என் கையிலேயே இருந்தது.

“டேய், நான் இன்னும் மாட்டவே இல்லையேடா.”

அவன் எழுந்து போய்ப் பார்த்தான். காலையில் மெஷினைச் சரிபார்க்க அவன் தன் பக்கத்திலேயே ஒரு லூப் போட்டிருந்தான். அதைக் கழற்ற மறந்துவிட்டான். பொட்டலங்கள் அந்த அறையைவிட்டு வெளியே வராமல் தங்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தன. அவ்வளவு சீக்கிரம் வந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நல்ல சேதி என்றால் யாருக்குச் சந்தேகம் வருகிறது?

அவன் கழற்றினான், நான் மாட்டினேன். இப்போது பொட்டலங்கள் கடற்கரை வரை வந்து திரும்பின. ஆனால் எல்லாம் திரும்பவில்லை.

“கொஞ்சந்தான் மாப்ளே தொலையுது. பாஸ்னு எழுதிருவோமா?”

நர்ஸ் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார். நான் கேட்டேன்: “சீரா தொலையுதா, விட்டு விட்டுத் தொலையுதா?”

“விட்டு விட்டு. இந்தா, இப்ப ஒரு கொத்தாப் போச்சு. இப்ப நல்லாருக்கு. இந்தா, மறுபடியும்.”

அன்றைக்குத் தடுப்பூசி நாள். தாய்மார்கள் பிள்ளைகளோடு வரிசையில் இருந்தார்கள். மருந்து எடுக்க நர்ஸ் அடிக்கடி குளிர்ப்பெட்டியைத் திறந்தார். மூடியைச் சாத்தும்போது பெட்டி பின்னால் நகர்ந்து சுவரில் இடித்தது. அந்தச் சத்தத்துக்கும் போனில் கேட்ட ‘போச்சு’க்கும் இடையில் பொழுதே இல்லை.

பெட்டியின் பின்னால் எட்டிப் பார்த்தேன். எங்கள் கேபிள் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் மாட்டி மடங்கிக் கிடந்தது. ஃபைபர் என்பது கண்ணாடி இழை. அதன் வழியே போவது வெளிச்சம். இழை நசுங்கி மடங்கினால் வெளிச்சம் வழியிலேயே ஒழுகிவிடும்.

“ஐயோ, பெட்டிய அங்கிட்டுத் தள்ளிப் போட்டதே நான்தாண்ணே” என்றார் நர்ஸ்.

“அங்க வயரை விட்டது நாங்க. ஒங்க மேல என்ன தப்பு?”

நசுங்கியதை எடுத்துவிட்டு, புதுக் கேபிளை ஆள் உயரத்துக்குச் சுவரில் ஏற்றிக் கொண்டுபோனேன். பிறகு, “சிஸ்டர், இப்ப வேணும்னே திறந்து திறந்து சாத்துங்க” என்றேன். அவரும் பயந்து பயந்து நாலைந்து தடவை சாத்தினார்.

வரிசையில் ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், “பொட்டிக்குத்தான் இன்னைக்கு ஊசி போல. நம்ம பிள்ளைகளுக்கு நாளைக்கு வரச் சொல்லுவாக” என்றார். வரிசையே சிரித்தது. போனில் கூட்டாளி, “ஒண்ணும் தொலையல மாப்ளே. இது நெசமாவே அங்க வந்துட்டுத்தான் திரும்புது” என்றான்.

லூப்பைக் கழற்றி, லைனை அவர்கள் கம்ப்யூட்டரில் கொடுத்தேன். நர்ஸ் முகம் அப்போதும் தெளியவில்லை.

“ஒங்க பொட்டலத்துல ஒண்ணும் இல்லைன்னீங்கள்ல. உள்ள ஏதாச்சும் இருந்தாலும் இப்படியே போகுமா?”

நான் என்ன சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருக்க மாட்டார். அந்த மீனவர் மனைவியின் பார்வை அவருக்குள் அப்படித் தங்கியிருந்தது. தடுப்பூசி முடியும்வரை இருந்தேன். அப்புறம் அவர் வாட்ச்மேனைக் கூப்பிட்டுப் படுக்கச் சொன்னார்.

“எனக்கு ஒண்ணும் இல்லம்மா!”

“அதை அங்கேருந்து டாக்டர் சொல்லட்டும். படுங்க.”

ஈசிஜி எடுத்து அனுப்பினார். திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். எத்தனையோ ஊரில் எத்தனையோ பொட்டலம் அனுப்பியிருக்கிறேன், பிள்ளைகளா. அவ்வளவு பயத்தோடு ஒன்றுக்குக் காத்திருந்ததில்லை. டாக்டரிடமிருந்து போன் வந்தது. நர்ஸ் ஸ்பீக்கரில் போட்டார்.

“படம் பளிச்சுன்னு வந்துருச்சு சிஸ்டர். ஹார்ட் நல்லாருக்கு. யாரு இவரு, ஒங்க வாட்ச்மேனா? பீடிய மட்டும் விடச் சொல்லுங்க.”

வாட்ச்மேன் எழுந்து உட்கார்ந்து சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். “படத்துல அதுவுமா தெரியுது?” என்று என்னைக் கேட்டார்.

நர்ஸ் அப்போதுதான் சிரித்தார்.