இரண்டாம் தடவை நிரப்பிய தண்ணீர்

கான்கிரீட்டை உடைக்காமல் அதன் உள்காயத்தைக் கண்டுபிடிப்பதுதான் அவள் பிழைப்பு. பாலமோ தொட்டியோ, கிரீஸ் தடவி சென்சார்களை ஒட்டி, உள்ளே விரிசல் விடும் சத்தத்தைத் திரையில் புள்ளிகளாகப் பிடித்துவிடுவாள். நகக்கண்ணில் கிரீஸ் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. "எங்க அண்ணிக்குச் சுவத்தைத் தடவத்தான் சம்பளம்" என்று நாத்தனார் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த வாயும் ஒருநாள் அடைத்துப்போயிற்று. நாத்தனாரின் தையல் கடை இருந்த கட்டடத்தில் தீப்பிடித்து மாடி எரிந்தது. கீழ்க்கடைகளைப் பூட்டிவிட்டார்கள். மாடித் தளம் தேறாவிட்டால் கட்டடத்தையே இடித்துவிடுவார்களாம். சோதிக்க வந்தவள் அண்ணி.

"என் நாத்தனார் கடையும் இங்கதான் சார் இருக்கு" என்று நகராட்சிப் பொறியாளரிடம் முதலிலேயே சொல்லிவிட்டாள்.

"என் கண்ணெதிர்ல சோதனை பண்ணுங்க. முடிவை நான் சொல்றேன்" என்றார் அவர்.

தளத்தின் அடியில் அவள் சென்சார்களை ஒட்டியதும், மாடியில் செங்கல் வரப்பு கட்டித் தண்ணீர் விட்டார்கள். முழங்கால் ஆழம் வந்ததும் திரையெங்கும் புள்ளிகள். கான்கிரீட் கத்துகிறது! வாசலில் நின்ற நாத்தனார் பூட்டிய கடையைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவ்வளவுதான் போலிருக்கேம்மா" என்றார் பொறியாளர்.

"இருங்க சார். இது வாழ்நாள்ல சுமக்காத பாரம். முதல் தடவை முனகத்தான் செய்யும். வடிச்சிட்டு அதே அளவு மறுபடி விடுவோம். நல்ல கான்கிரீட் ஒருதடவை தாங்கின பாரத்துக்கு மறுபடி வாயைத் திறக்காது. கத்துச்சுன்னா உள்ளே நொறுங்கியிருக்குன்னு அர்த்தம். இடிக்கச் சொல்லி நானே கையெழுத்துப் போடுறேன்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, சென்சார்களை ஒவ்வொன்றாக மறுபடி அழுத்திப் பார்த்துக்கொண்டாள்.

மறுபடி தண்ணீர் ஏறியது. கணுக்கால். கெண்டைக்கால். முழங்கால். திரையில் ஒரு கோடு மட்டும், இழுத்துக் கட்டிய நூலாக ஓடியது. ஒரு புள்ளி? ஊஹூம்! அவளுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. பெரிய மனுஷியாக நின்றுகொண்டாள்.

பொறியாளர் தளம் வளைந்த அளவையும் சரிபார்த்தார். தண்ணீர் முழுக்க வடிந்த பிறகு நிமிர்ந்து, "கடையைத் திறக்கலாம்" என்றார். நாத்தனார் அழுதுகொண்டே கடையைத் திறந்து உள்ளே ஓடினாள்.

சட்டென்று திரையில் புள்ளிகள் பொரிந்தன. பொறியாளர் பதறினார்.

"என்னம்மா இது?"

"பயப்படாதீங்க சார். அவ தையல் மிஷினைத் தூணோட சேர்த்து போல்ட் போட்டு முடுக்கி வச்சிருக்கா. அதுதான் ஓடுது, அந்த அதிர்வு இது."

"நிறுத்தச் சொல்லட்டுமா?"

"வேண்டாம் சார்," என்று சென்சார்களைப் பிடுங்க ஆரம்பித்தாள். "ஓடட்டும்."