சபை எங்கள் வாசலுக்கு வந்த ஞாயிறு

என் வீட்டுக்காரர் தாமஸ் மாடிப்படியில் மயங்கி விழுந்த அன்று, நாங்கள் செய்த ஜெபமெல்லாம் வீண் என்றே நினைத்தேன். அந்த நினைப்பைப் பொய்யாக்கிய ஆண்டவருக்கு முதலில் என் ஸ்தோத்திரம்.

நாங்கள் படப்பையில் இருக்கிறோம். அவர் ஒரகடத்தில் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். போன மழைக்காலத்தில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. எக்கோ எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகிற வால்வு சுருங்கிவிட்டது, மாற்றியாக வேண்டும் என்றார். இவருக்கோ கத்தி என்றாலே நடுக்கம். மாத்திரையே போதும் என்று கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

சபையார் உபவாசம் இருந்து ஜெபித்தார்கள். மூச்சிரைப்பு குறைந்தது. அடுத்த ஞாயிறே எழுந்து நின்று, கத்தி படாமலே கர்த்தர் சுகம் கொடுத்தார் என்று சாட்சி சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும்தான்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் பழைய கதை திரும்பியது. தெருமுனைக் கடைக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் நிற்பார். கேட்டால் வெயில் என்பார். தை மாதக் காலையில் என்ன வெயிலோ. எங்கள் சபை ஒரு வீட்டு மொட்டை மாடியில், ஷீட் போட்ட கொட்டகையில் கூடுகிறது. அந்தப் படியில்தான் விழுந்தார்.

டாக்டரம்மா இந்தமுறை பட்டென்று சொன்னார். "மாத்திரை மூச்சிரைப்பைத்தான் கொறைக்கும், வால்வைத் தொறக்காது. ஆபரேஷன் தாங்காத ஒடம்புன்னா, மாத்திரையோடவே பாத்துக்கலாம்னு நானே சொல்லுவேன். உங்களுக்குத் தாங்கும். தள்ளிப்போட்டா உயிருக்கு ஆபத்து."

வீட்டுக்கு வந்தும் அவர் மசியவில்லை. இப்போது கத்தி அல்ல, வெட்கம்.

"சாட்சி சொல்லிட்டேன் எஸ்தரு. இப்ப போயி ஆபரேஷன்னு படுத்தா நாலு பேரு இன்னா பேசுவாங்க? ஆண்டவர் பேருல்ல கெட்டுப்பூடும்?"

"ஆண்டவர் பேர அவரு பாத்துப்பாரு. நீ பூட்டா நான் இன்னாய்யா பண்ணுவேன்?"

சபைக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். நான் வேலை பார்க்கும் கம்பெனியில் கார் சீட்டு தைத்துக்கொண்டே செய்த ஜெபம் ஒன்றுதான். ஆண்டவரே, நான் சொன்னால் இந்த மனுஷன் கேட்க மாட்டார், நீரே சொல்லும்.

மறு ஞாயிறு காலை எங்கள் வாசலில் பேச்சுச் சத்தம். கதவைத் திறந்தால் சபையே நிற்கிறது. நைட் ஷிஃப்ட் முடித்து நேரே வந்தவர்கள் கழுத்தில் ஐ.டி. கார்டோடு பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள்.

"தாமஸ் அண்ணனால மாடி ஏற முடியல. அதான் நாங்க எறங்கி வந்துட்டோம்" என்றார் பாஸ்டர்.

பாட்டு முடிந்து, யாருக்காவது சாட்சி உண்டா என்று வழக்கம்போலக் கேட்டார். என் வீட்டுக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நான் அவசரப்பட்டு சொல்லிட்டேன். எனக்கு இன்னும் சொகமாவல. ஆபரேஷன் பண்ணிக்கப்போறேன். மறுபடியும் ஜெபம் பண்ணுங்க."

ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. பாயில் இருந்த எல்லாரும் அப்படியே முழங்காலில் நின்றார்கள். எனக்கு அழுகை நிற்கவே இல்லை.

லெந்து உபவாசக் காலத்தில் வால்வை மாற்றினார்கள். ஈஸ்டருக்கு அவரே மாடி ஏறினார். விழுந்தால் பிடிக்கலாம் என்று நான் பின்னாலேயே போனேன். மேல்படியில் நின்று திரும்பி, "இன்னா எஸ்தரு, மூச்சு வாங்குதா?" என்கிறார். எனக்குத்தான் வாங்கியது.

பிரியமானவர்களே, நன்றி சொல்லி முடித்த காரியத்துக்காக மறுபடியும் ஜெபிக்க வெட்கப்படாதீர்கள். நம் ஆண்டவர் அதற்குக் கோபிக்கிறவர் அல்ல. படி ஏற முடியாதவன் வாசலுக்கு அவரே இறங்கி வருவார்.