மூன்றாம் மேசை மானிட்டர்

என் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து திரும்பியபோது அவனுடைய வலது கையில் மூன்று விரல்கள்தான் இருந்தன. கப்பல் கட்டும் இடத்தில் இரும்புத் தகடு ஒன்று சரிந்து விழுந்ததில் சுண்டுவிரலும் மோதிர விரலும் போய்விட்டன. மீதி மூன்றும் நீட்டியபடியே விறைத்து நின்றன. திருச்சி டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, "தினமும் இத அமுக்கணும். ரெண்டு மாசத்துல மடக்கிப் பழகலன்னா அப்பறம் மடங்கவே மடங்காது" என்று சொல்லி அனுப்பினார்.

அது இரண்டாயிரத்து நான்காம் வருஷம். எனக்கு இருபத்து மூன்று வயது. பெரம்பலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அரியலூர் வீட்டிலிருந்து காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் திரும்புவேன். வரும்போதெல்லாம் அந்தப் பந்து ஜன்னலோரத்தில் வைத்த இடத்திலேயே இருக்கும். சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிவிடும் தூசு அதன் மேல் படிந்திருக்கும். அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். யாராவது வந்தால் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வான். அம்மா ஊட்டிவிடப் போனால், "ஸ்பூன் குடு" என்பான். இடது கையால் நாலு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவான். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவன் வாசற்படி தாண்டவில்லை.

அவன் கொண்டுவந்த பெட்டிக்குள், சட்டைகளுக்கு நடுவே ஒரு வீடியோ கேம் இருந்தது. கேசட் சொருகுகிற பழைய மாடல். அங்கே ஓர் அறைத்தோழன் ஊருக்குக் கிளம்பும்போது விட்டுவிட்டுப் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதில்தான் கார் ஓட்டுகிறேன் என்று முன்பு போனில் சொல்லிச் சிரித்திருக்கிறான். அம்மா துணி அடுக்கும்போது நான் அதை எடுத்துப் பார்த்தேன். பிடித்து விளையாடும் கைப்பிடியில் வலது கட்டைவிரலுக்கு நான்கு பொத்தான்கள் இருந்தன, ஆள்காட்டி விரலுக்கு மேல்பக்கம் ஒன்று. பந்தை அமுக்காதவன் இதை அமுக்குவான் என்று தோன்றியது. தோன்றிய பிறகு எனக்கு வேறு நினைப்பே இல்லை.

எங்கள் வீட்டு டி.வி. கறுப்பு வெள்ளை. பின்னால் ஆன்டெனா வயரை முறுக்குகிற இரண்டு திருகாணிகள்தான் உண்டு. கேம் பெட்டியின் வயரிலோ படத்துக்கு மஞ்சள் பின், சத்தத்துக்குச் சிவப்பும் வெள்ளையும். அதைச் சொருக எங்கள் டி.வி.யில் இடமே இல்லை. கலர் டி.வி. இருந்த பக்கத்து வீட்டுக்கு அண்ணன் வரமாட்டான். சென்டர் ஸ்டோர் ரூமில் ஒரு பழைய மானிட்டர் சும்மா கிடந்தது. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளச் சொல்லி சார், அதாவது சென்டர் முதலாளி, முன்பே சொல்லியிருந்தார். அதில் இணைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

சென்டர் மிஷின்களைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தார். திருமானூர்க்காரர், நாற்பதை நெருங்கும் வயது. எல்லாருக்கும் அவர் சர்வீஸ்காரர். நான் அவரை 'அண்ணே' என்பேன், அவர் என்னை 'மேடம்' என்பார். வயரை ஒருநாள் எடுத்துப்போய் அவரிடம் காட்டினேன். மஞ்சள் பின்னை விரலில் உருட்டிப் பார்த்தார்.

"இது டி.வி.க்குப் போற சமாச்சாரம் மேடம். மானிட்டருக்கு ஒவ்வொரு கலரையும் தனித்தனி வயர்ல பிரிச்சிக் குடுக்கணும். இதுல எல்லாம் ஒண்ணாக் கலந்து வருது. நடுவுல டியூனர் பாக்ஸ்னு ஒண்ணு வேணும். அடுத்த மாசம் திருச்சி போவேன், பாத்துட்டு வரேன்."

"சும்மா வயரோட வயர ஒட்டிப் பாத்தா என்னாண்ணே?"

"ஒட்டிராதீங்க. மானிட்டர் போயிரும்."

அடுத்த மாதம் என்றால் டாக்டர் சொன்ன கெடுவில் பாதி போய்விடும். அதுவுமில்லாமல், எனக்குள் ஒரு திமிரும் இருந்தது. ஐம்பது பேருக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறவள், இரண்டு வயரை இணைக்கத் தெரியாதா என்ற திமிர்.

ஒரு வெள்ளிக்கிழமை கேம் பெட்டியையும் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். சர்வீஸ்காரர் ஒரு பள்ளிக்கூடத்து மிஷினைப் பார்க்கப் போயிருந்தார். நான் ஸ்டோர் ரூமில் கிடந்த, மானிட்டர் வயரை நீளமாக்குகிற எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றைப் பாதியாக வெட்டினேன். அதன் ஒரு பாதியை மூன்றாம் மேசை மானிட்டரின் பிளக்கில் மாட்டினேன். ஸ்டோர் ரூம் மானிட்டர் ஓடுமா என்பதே சந்தேகம், ஓடுகிற ஒன்றில் முதலில் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். வெட்டிய முனையில் மெல்லிய வயர்கள் பல நிறத்தில் பிரிந்து நின்றன. கேம் வயரின் மஞ்சள் பின்னையும் நறுக்கி, உள்ளே இருந்த செப்புக் கம்பியைப் பச்சை வயரோடு முறுக்கினேன். ஒன்றும் வரவில்லை. மானிட்டர் விளக்கு மட்டும் ஆரஞ்சு நிறத்தில் விட்டுவிட்டு எரிந்தது. அடுத்த வயர், அதற்கடுத்த வயர் என்று மாற்றிக்கொண்டே போனேன். ஒன்றில், திரையில் வெள்ளைக் கோடுகள் சாய்வாக ஓடின. அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படம் வரப்போகிறது என்றே நம்பினேன். இன்னொரு வயரையும் சேர்த்து முறுக்கினேன்.

மானிட்டர் கீச்சென்று ஒரு சத்தம் போட்டது. பிறகு 'டிக்' என்றது. திரை இருண்டுவிட்டது. பின்பக்கத்துத் துளைகளிலிருந்து பொசுங்கிய வாடை வந்தது.

பதறிப்போய் எல்லாவற்றையும் பிடுங்கினேன். மானிட்டரின் பிளக்கைக் கம்ப்யூட்டரில் பழையபடி மாட்டினேன். முறுக்கிய வயரையும் கேம் பெட்டியையும் கைப்பையில் திணித்துக்கொண்டு, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தேன். சோற்று டப்பாவைத் திறந்து முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மூன்று மணி வகுப்பில் ஒரு பெண், "மேடம், இது வரமாட்டேங்குது" என்றாள். சார் வந்து பார்த்தார். சர்வீஸ்காரரைக் கூப்பிட்டார். அவர் முந்தின வாரம்தான் அந்த மானிட்டரைக் கழற்றி ஏதோ சரி பண்ணியிருந்தார்.

"போன வாரம் நீதானய்யா தொறந்த?"

"ஆமா சார். சரியாத்தான் மூடுனேன்."

"மூடுன லட்சணம்தான் தெரியுதே! கருகிப்போய்க் கெடக்கு. இது மொத தடவையா? ஸ்கேனரையும் இப்படித்தான் பண்ண."

"ஸ்கேனர் பழசு சார்..."

"ஒண்ணும் பேசாத. திங்கக்கெழமையிலேருந்து வரவேணாம்."

பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, எழுதியதையே மறுபடி எழுதினேன். சுண்ணாம்புக்கட்டி உடைந்தது. திரும்பி, 'சார், நான்தான்' என்று சொல்ல இரண்டு சொல் போதும். சொல்லவில்லை. சர்வீஸ்காரர் ஸ்டோர் ரூமுக்குள் போய்த் தன் டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு வந்தார். படியிறங்கும்போது, "வரேன் மேடம்" என்றார். எப்போதும் சொல்வதுதான்.

நாளைக்குச் சொல்லலாம், திங்கட்கிழமை சொல்லலாம் என்று இரண்டு வாரம் ஓடியது. புதிதாக ஒருவன் வேலைக்கு வந்துவிட்டான். நான் வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. கேம் பெட்டியைச் சட்டைகளுக்கு நடுவே இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ஏதோ காகிதம் தேடிப் பெட்டியைத் திறந்திருக்கிறான். இடது கையில் கேம் வயர் தொங்கியது, மஞ்சள் பின் இல்லாமல்.

"இத யாரு வெட்டுனா பாப்பா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அடுப்பங்கரை வாசலில் வந்து நின்று கேட்டாள். அவன் கையைப் பார்த்துத்தான் ஆரம்பித்தேன், பந்தைப் பார்த்துத்தான் ஆரம்பித்தேன் என்பதையும் சொன்னேன். அவனுக்கு இளக்கம் வரும் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ.

"நான் கேட்டனா ஒன்ன?" என்றான். "எனக்காகன்னு சொல்லாத. அந்தாளு சோத்துல மண்ணப் போட்டுட்டு எனக்காகன்னு சொல்லாத."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் நான் எழுந்து வந்தபோது அண்ணன் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டிருந்தான். இடது கையால் பொத்தான்களைப் போட்டு முடிக்க வெகுநேரமானது. அம்மா உதவிக்குப் போனாள். நான் வேண்டாமென்று கண்ணைக் காட்டினேன்.

"கெளம்பு. அந்தாளு வூட்டுக்குப் போவோம்" என்றான்.

திருமானூர் பஸ்ஸில் கூட்டம். நின்றுகொண்டு வந்தவன், பள்ளத்தில் பஸ் தூக்கிப் போட்டபோது, தன்னையறியாமல் வலது கையால் கம்பியைப் பிடிக்கப் போனான். மூன்று விரலும் கம்பியில் வழுக்கின. எதிரே உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, எழுந்து இடம் கொடுத்தாள். அவன் முகம் எப்படி மாறியது என்று நான் பார்க்கவில்லை. ஆனால் உட்கார்ந்துகொண்டான்.

சர்வீஸ்காரர் ஒரு சைக்கிள் கடையின் முன்னால் மேசை போட்டு, ரேடியோ, டார்ச் லைட் என்று கிடைத்ததைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்க மேடம்" என்றார். அண்ணன்தான் முதலில் பேசினான். "நான் இவ அண்ணன்ங்க. என் பெட்டிய மாட்டப் போயித்தான் அந்த மானிட்டர் போச்சு. இவ சொல்லாம இருந்துட்டா."

"தெரியும்ங்க" என்றார் அவர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஸ்டோர் ரூம்ல எக்ஸ்டென்ஷன் வயரு பாதி கெடந்துச்சே. டூல்ஸ் எடுக்கப் போனப்பவே பாத்தேன். ஒரு பொம்பளப் புள்ளயக் காட்டிக் குடுக்கணுமான்னு இருந்துச்சு. நீங்களே சொல்லிருவீங்கன்னும் நெனச்சேன்." என்னைப் பார்த்தார். "அந்த வாரம் பூரா எங்கயும் வேலை தேடல மேடம். கூப்புடுவாங்கன்னு வூட்டுலயே இருந்தேன்."

"மன்னிச்சிருங்கண்ணே" என்றேன்.

"சார்ட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லண்ணே."

"அப்ப எங்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது?"

அண்ணன் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த கேம் வயரை எடுத்து வைத்தான். கைப்பிடியைப் பற்றியும் பொத்தான்களைப் பற்றியும் அவர் கேட்க, அவன் பதில் சொன்னான். பேசும்போது வலது கையை மேசை மேல் வைத்திருந்தான். அவர் அந்தக் கையைப் பார்த்தார், பார்க்காதது போல நடிக்கவில்லை. "வயர வச்சிட்டுப் போங்க தம்பி, வேற பின் போட்டு வைக்கிறேன்" என்றார்.

திங்கட்கிழமை காலையிலேயே சாரிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "இனிமே என்னாம்மா பண்றது? புது ஆளு வந்துட்டான். இத வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத. மேடமே மானிட்டர எரிச்சிட்டாங்கன்னு புள்ளைங்க பேசும்" என்றார். சர்வீஸ்காரரைத் திரும்பக் கூப்பிடச் சொல்லிக் கெஞ்சினேன். "போயி கிளாஸ எடும்மா" என்றார். போய் எடுத்தேன். வேலையை விட்டிருக்கலாம் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். அப்போது வீட்டில் சம்பளம் வாங்குகிற ஆள் நான் ஒருத்திதான். அது நிஜம். பயந்ததும் நிஜம்.

அண்ணன் அதன்பிறகு தனியாகவே திருமானூருக்குப் போய்வர ஆரம்பித்தான். சர்வீஸ்காரர் எங்கிருந்தோ ஒரு பழைய மானிட்டரும் டியூனர் பாக்ஸும் பிடித்துக் கொடுத்தார். வீட்டில் அதை மாட்டிய அன்று படம் நிறமில்லாமல் வந்தது. பாக்ஸில் எதையோ மாற்றினான், நிறம் வந்தது. கார் புறப்பட்டதும் சுவரில் மோதி நின்றது. கட்டைவிரல் பொத்தானுக்கு ஏறவில்லை. கைப்பிடியை முழங்காலில் கவிழ்த்து வைத்து, திருப்பி வைத்து, என்னென்னவோ செய்து பார்த்தான். கோபத்தில் ஒருமுறை தூக்கி எறிந்தான். அம்மா எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் சொன்ன கெடு முடியும்போது கட்டைவிரலும் நடுவிரலும் பாதிக்குமேல் மடங்கின. ஆள்காட்டி விரல் கடைசிவரை மடங்கவில்லை. இடது கையால் எழுதிப் பழகி, அடுத்த வருஷம் லாரிகளுக்குச் சீட்டு எழுதும் வேலைக்குப் போனான்.

இரண்டாயிரத்து ஏழில் எனக்குக் கல்யாணம். பத்திரிகையை அண்ணனே கொண்டுபோய் சர்வீஸ்காரருக்கு வைத்தான். மேடையில் நின்றபடி கூட்டத்தில் தேடிக்கொண்டிருந்தேன். வந்திருந்தார். வெள்ளைச் சட்டையில், கடைசி வரிசையில், மனைவியோடு உட்கார்ந்திருந்தார். பந்தி முடிந்தால் வருவார், வந்தால் காலில் விழுந்துவிட வேண்டும் என்று மேடைக்கு வந்தவர்களை எல்லாம் அவசரமாக அனுப்பினேன். பிறகு பார்த்தபோது அந்த நாற்காலிகள் காலியாக இருந்தன.

"எங்கண்ணா அவரு?" என்று கேட்டேன்.

"சாப்ட்டாரு. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிட்டாரு" என்றான் அண்ணன்.

அந்த நேரத்தில் திருமானூருக்கு அடுத்தடுத்து பஸ் உண்டு.