நாடி கிடைக்காத வலது கை

செல்வி, மணி, அப்பா உங்கள் இருவருக்காகவும்தான் எழுதுகிறேன். செல்வி, உன் இதயக் கோளாறுக்குச் செய்தது தற்காலிக ஆபரேஷன். வலது கைக்குப் போகும் ரத்தக்குழாயைத் திருப்பி நுரையீரலுக்கு இணைத்தார்கள். இனி அந்தக் கையில் நாடி கிடைக்காது என்று அன்றே சொன்னார்கள்.

போன மாதம் காய்ச்சலில் நீ மயங்கியதும் ஒரு டாக்டரிடம் தூக்கி ஓடினேன். பதற்றத்தில் இதைச் சொல்ல மறந்தேன். அவர் வலது கையை மட்டும் பிடித்துவிட்டு, "நாடியே இல்ல. வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவும்வே" என்றார். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்கூட வைக்கவில்லை!

நீதான் கண் திறந்து இடது கையை நீட்டினாய். "இந்தக் கையப் பாருங்க சார்."

"முதல்லயே சொல்லக் கூடாதாவே?" என்று என்மேல் பாய்ந்தார். சொல்லாதது என் தப்புதான். மூச்சு விடுகிற பிள்ளையைப் பார்க்க அவருக்குக் கண் இல்லையா?

மறுவாரம் நீங்கள் பள்ளிக்கூடம் போனபின், 'நாடியை இடது கையில் பார்க்கவும்' என்று துணித்துண்டுகளில் எழுதி, உன் சட்டைகளின் வலது கைகளில் நானே கோணல்மாணலாகத் தைத்து வைத்தேன்.