சரோஜா அத்தையின் பாதி வாய்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. ரந்தாவ் ஊர்ப் பக்கம் நான் பிறந்து வளர்ந்த ரப்பர்த் தோட்டத்து மண்டபத்தில் எங்கள் பல் முகாம். சரோஜா அத்தை என் நாற்காலியிலிருந்து பாதி வாயோடு எழுந்து போய்விட்டார்.

பாதி வாய் என்றால்... கீழ்வரிசையில் இடப்பக்கம் பளிச். வலப்பக்கம் பல வருட வெற்றிலைக் கறை அப்படியே இருந்தது.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பத்தி எழுதாத நாட்களில் நான் அரசாங்கப் பல் கிளினிக்கில் தெரபிஸ்ட். முதலில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல் பார்க்கத்தான் படித்தேன். பிறகு ஈறுச் சிகிச்சைக்கென்று தனியாகப் படித்ததால், பெரியவர்களின் வாயும் என் கைக்கு வந்தது. வேறு நாடுகளில் இந்த வேலை செய்பவரை டெண்டல் ஹைஜீனிஸ்ட் என்பார்கள். பல்லில் இறுகிப்போன காறையைச் சுரண்டி எடுக்க வேண்டும், ஈறைக் காப்பாற்ற வேண்டும். பல்லைப் பிடுங்குவது டாக்டர். பிடுங்கும் நிலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது நான்.

பினாங்கில் பயிற்சிக்கு இடம் கிடைத்தபோது, "நர்ஸா, டாக்டரா?" என்று தோட்டமே கேட்டது. "ரெண்டுக்கும் நடுவுல லா" என்றார் அம்மா. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை!

பயிற்சியில் முதலில் பிளாஸ்டிக் தலை. அது வலிக்கிறது என்று சொல்லாது. அடுத்து? சக மாணவிகளின் வாய். குளியலறைக்கு யார் முதலில் போவது என்று காலையில் ரூம்மேட்டோடு சண்டை போட்டிருப்பேன். பத்து மணிக்கு அவள் கையில் கூர்மையான கருவி, நான் வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பேன். அடுத்தவரை நம்புவது எப்படி என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த நாற்காலிதான்.

ஆனால்... ஊரார் என்னை நம்புவார்களா?

எங்கள் குழு இத்தனை வருடங்களில் எத்தனையோ தோட்டங்களுக்குப் போயிருக்கிறது. என் தோட்டத்துக்கு இதுதான் முதல் தடவை. அம்மா ஒரு வாரமாக வீடு வீடாகப் போய், "என் மக வர்றா, வாயக் காட்டுங்க" என்று ஆள் சேர்த்திருந்தார். மண்டபத்தில் வரிசை பார்க்க அழகாக இருந்தது. எல்லோருடைய கைப்பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சிறு வயதில் மூக்கு ஒழுக நான் ஓடியதைப் பார்த்தவர்கள் அத்தனை பேரும்.

முதல் ஆள் சரோஜா அத்தை. அம்மாவின் பக்கத்து வீடு. இரண்டு வாரத்தில் மகளுக்குக் கல்யாணம். போட்டோவில் சிரிக்க வேண்டும் என்று வந்திருந்தார்.

கீழ்ப்பற்களுக்குப் பின்னால் காறை சுவர் மாதிரி கட்டியிருந்தது. பாதியை எடுத்திருப்பேன். ஒரு பெரிய துண்டு பெயர்ந்து வந்தது. அத்தை கிண்ணத்தில் துப்பினார். நாக்கால் தடவிப் பார்த்தார். முகம் மாறியது.

"மாலா... ஓட்டையா இருக்கு."

"அது காற இருந்த எடம் அத்த."

"எனக்குத் தெரியாதா? பல்ல ஒடச்சிட்ட புள்ள."

கிண்ணத்திலிருந்த துண்டை டிஷ்யூவில் எடுத்து மடித்துக்கொண்டு, நேராக வரிசையிடம் போய்விட்டார். டிஷ்யூ கை கையாக நகர்ந்தது. கறுப்பாக, கெட்டியாக, பல்லின் வளைவு அப்படியே பதிந்து... சத்தியமாக, பார்த்தால் பல் மாதிரியேதான் இருந்தது.

"இதுக்குத்தான் சொல்றது, பல்லக் கழுவுனா ஆட்டங்கண்டுடும்னு" என்றார் ஒருவர். "டாக்டர்னா பரவால்ல. இவ கழுவுற வேலதானே" என்றார் இன்னொருவர். அம்மாவின் மடியிலிருந்து ஒவ்வொரு கைப்பையாகக் கிளம்பியது. அம்மா யாரையும் தடுக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

அடுத்த மேசையிலிருந்த எங்கள் டாக்டர், என்னைவிட வயதில் சின்னவர், நல்ல பெண். தான் வந்து பேசட்டுமா என்று மலாய் மொழியில் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். டாக்டர் சொன்னால் உடனே கேட்பார்கள். ஆனால் நான் தொட்டால் பல் உடையும் என்ற பேச்சு தோட்டத்தில் அப்படியே நிற்கும். அடுத்த தடவை யார் வாயைத் திறப்பார்கள்? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு அத்தையிடம் போனேன்.

"அத்த, பாக்குவெட்டி வச்சிருக்கீங்களா?"

வெற்றிலைப் பையில் இல்லாமல் இருக்குமா? எடுத்தார்.

"பல்லுன்னா ஒடஞ்சாலும் மாவாகாது. இத வச்சு நீங்களே நசுக்கிப் பாருங்க. நான் தொடல."

அத்தை என்னை முறைத்துக்கொண்டே துண்டை வைத்து நெரித்தார். பொலபொலவென்று மாவாகக் கொட்டியது. அத்தை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

"சுண்ணாம்பு டப்பா ஓரத்துல காஞ்சு கெடக்குமே... அது மாதிரில்ல இருக்கு."

"அதேதான். வெத்தல, சுண்ணாம்பு, எச்சி எல்லாஞ் சேந்து எறுகிப் போச்சு."

"அப்ப இது பல்லுக்கு முட்டுக் குடுக்கலையா?"

"முட்டுமில்ல, ஒண்ணுமில்ல. ஈற அரிச்சிக்கிட்டு இருந்துச்சு. விட்டா பல்லு தானா விழும்."

அத்தை மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். டாக்டரின் நாற்காலி காலியாக இருந்தது. என் நாற்காலியும் காலியாக இருந்தது. அவர் என் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தார்.

"மிச்சத்தையும் எடு. கல்யாணத்துல ஒரு பக்கமாவா சிரிப்பேன்?"

அப்புறமென்ன... போன கைப்பைகள் எல்லாம் அம்மாவின் மடிக்கே திரும்பின. மூன்று மணிக்கு மூட வேண்டிய முகாமை மூட ஐந்தானது. கழுத்து கழன்றுவிடும் போல வலித்தது. பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கிய நாளில்கூட நான் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை. சான்றிதழ் கொடுத்தவர்கள் என் வீட்டு ஆட்கள் இல்லையே!

போன ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். சரோஜா அத்தை சிரித்த சிரிப்பில் போட்டோகிராபர் மணப்பெண்ணை மறந்துவிட்டார். நானும் அம்மாவும் பந்தியில் உட்கார்ந்து இலையில் கை வைத்திருப்போம், மாப்பிள்ளையின் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அத்தை வந்து நின்றார்.

"சம்பந்தி, இவதான் மாலா. எங்க தோட்டத்துப் புள்ள. பல்லுக்குன்னே படிச்சவ. அந்த ஆடுற பல்ல இவகிட்ட காட்டுங்க."

"இங்கயா?" என்றார் சம்பந்தியம்மா.

"வெக்கப்படாதீங்க லா. வாயத் தொறங்க. இவ கை பட்டா வலிக்காது."

நகையும் ஜரிகையுமாக அந்த அம்மாள் சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவில் வாயைத் திறந்தார். அம்மா தன் கைப்பேசியின் டார்ச்சை அடித்துப் பிடித்தார்... யாரும் கேட்காமலே! நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தேன்.

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வேலை பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை.