லூக்கா கயிற்றை அறுத்தானா

சித்திரச்சுடர் காமிக்ஸ் மறுபடியும் வரப்போகிறது என்ற செய்தி மாத்தளைக்கு வந்து சேர்ந்தபோது, நிமலன் ஒரு பம்ப் மோட்டரின் வயிற்றிலிருந்து கருகிய செப்புக் கம்பியை உருவிக்கொண்டிருந்தான். வில்கமுவையிலிருந்து வந்த மோட்டர். அந்தப் பக்கத்து மோட்டர்கள் எல்லாம் ஒரே விதமாகத்தான் எரியும். கிணறு வற்றியது தெரியாமல் ஓடிக்கொண்டே இருந்து எரியும்.

மேசையில் கிடந்த போன் துடித்துத் துடித்து ஓரத்துக்கு நகர்ந்தது. கை முழுக்க வார்னிஷ் என்பதால் அவன் எடுக்கவில்லை. எடுத்தபோது நாற்பத்தேழு செய்திகள் இருந்தன. எல்லாம் ‘மாத்தளை சித்திரக்கதை வட்டம்’ என்ற வாட்ஸ்அப் குழுவிலிருந்து. நின்றுபோன பதிப்பகத்தை, அதை நடத்திய ஆசிரியரின் மகள் திரும்பத் தொடங்குகிறாளாம். முதல் வெளியீடாக ‘பனிக்கணவாய்’, தமிழில் இதுவரை வெளிவராத இரண்டாம் பாகம்.

‘இதுவரை வெளிவராத’ என்ற இடத்துக்கு வந்ததும் நிமலன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தான்.

பைலட் டோரியன் என்றொருவர் உண்டு. பனிமலைகளுக்கு மேலே சின்ன விமானம் ஓட்டுபவர். ஐரோப்பாவில் எங்கோ வரையப்பட்டு, தமிழ்நாட்டில் மொழிபெயர்க்கப்பட்டு, மட்டமான தாளில் கறுப்பு வெள்ளையாக அச்சாகி மாத்தளைவரை வந்தவர். லூக்கா அவருடைய உதவியாளன். 1996இல் வந்த ‘பனிக்கணவாய்’ முதற்பாகத்தின் கடைசிப் படத்தில் டோரியன் பள்ளத்துக்கு மேலே ஒரு கயிற்றில் தொங்குகிறார். மேலே லூக்கா நிற்கிறான். கையில் கத்தி. முகம் நிழலில் இருக்கிறது. ‘மீதி அடுத்த இதழில்’ என்று போட்டிருந்தது. அடுத்த இதழ் வரவில்லை. பதிப்பகமே நின்றுவிட்டது.

நிமலனுக்கு அப்போது பதினேழு வயது. எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டு, டவுனில் மோட்டர் வைண்டிங் பழகிக்கொண்டிருந்தான். பழக்கிய முதலாளி, கனடாவில் இருந்த தன் மகனிடம் போனபோது கடையை இவன் கையில் விட்டுவிட்டுப் போனார். இருபது வருடமாக அதே கடை, அதே மேசை. வருகிறவர்கள் சிங்களத்தில் கேட்பதற்கு இவன் தலையசைப்பான், அல்லது எந்தக் கிழமை வரவேண்டும் என்பதை மட்டும் சொல்வான். எரிந்த மோட்டரிலிருந்து சத்தத்தை வாங்கினாலும் இவர் வாயிலிருந்து ஒரு வார்த்தையை வாங்க முடியாது என்று அவன் மனைவி தர்ஷிகா ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

அப்படிப்பட்டவன் தன் ஆயுளில் ஒரே ஒரு நீளமான கதை சொல்லியிருக்கிறான். அது பொய்.

1998இல், தோட்டத் தமிழரைத் திருப்பி அனுப்பிய ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போன பெரியப்பாவின் மகனுக்குத் திருச்சியில் கல்யாணம். நிமலன் மூன்று வாரம் அங்கே இருந்தான். பழைய புத்தகக் கடை ஒன்று விடாமல் ஏறி ‘பனிக்கணவாய்’ இரண்டாம் பாகம் கேட்டான். கடைக்காரர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். ஊர் திரும்பியதும் பலீலைப் பார்க்கப் போனான். பலீல் அவனோடு ஒரே வகுப்பில் படித்தவன், காமிக்ஸ் பைத்தியத்தில் அவனுக்கு ஒரு படி மேலே. போஞ்சி மூட்டை ஏற்றப் போய் லொறியிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கிடந்தான்.

கல்யாணம் எப்படி என்றுகூட பலீல் கேட்கவில்லை. “கெடச்சிச்சா?” என்றான்.

“கெடச்சுச்சு” என்று நிமலன் சொல்லிவிட்டான். ஏன் சொன்னான் என்பது அவனுக்கே பிடிபடவில்லை. முதல் வார்த்தை வெளியே வந்த பிறகு மற்றவை அதன் பின்னாலேயே வந்தன.

“எங்க, காட்டு!”

“வர்ற வழியில செக் பொயின்ட்ல எடுத்துட்டாங்க.”

சண்டை நடந்துகொண்டிருந்த அந்த வருடத்தில், ஒரு தமிழ்ப் பொடியன் அப்படிச் சொன்னால் மேற்கொண்டு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். தேத்தண்ணி கொண்டுவந்த பலீலின் உம்மா மட்டும், “புள்ளய விட்டாங்களே, அது போதும்” என்றார்.

“வாசிச்சியா?” பலீல் எழுந்து உட்கார முயன்றான்.

“ரெண்டு தடவ.”

பிறகு அரை மணி நேரம் நிமலன் பேசினான். பாறையில் அறைந்த ஆணி ஒன்றுதான். அந்த ஒரே ஆணியில்தான் இருவருடைய கயிறும். ஆணி இருவரைத் தாங்காமல் கழன்றுகொண்டு வருகிறது. லூக்கா கயிற்றை அறுத்தான், ஆனால் அறுத்தது தன்னுடைய கயிற்றை. கதை முடிந்தபோது பலீல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

கால் சரியானதும் பலீல் தம்புள்ளைக்குப் போய் மரக்கறி மொத்த வியாபாரத்தில் இறங்கினான். போன இடமெல்லாம் லூக்காவின் முடிவும் போனது. தன் பிள்ளைகளுக்குச் சொன்னான். லொறிக்காரர்களுக்குச் சொன்னான். குழு தொடங்கியபோது குழுவில் சொன்னான். குழுவை நடத்தும் ஆரூரன், கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக்காரன், சித்திரச்சுடரின் எல்லா இதழ்களுக்கும் ஒரு பட்டியல் போட்டான். கடைசி வரி: ‘பனிக்கணவாய் 2. ஒரு பிரதி பார்க்கப்பட்டது, திருச்சி, 1998.’ அந்தப் பட்டியல் தமிழ்நாட்டுச் சேகரிப்பாளர்களுக்கும் போனது. அதைப் பார்த்துக் குழுவில் சேர்ந்த கரூர்க்காரர் ஒருவர் ஆறு வருடமாக லீவு நாட்களில் திருச்சிக்குப் போய் அதன் இன்னொரு பிரதியைத் தேடிக்கொண்டிருந்தார்.

இப்போது ஆசிரியரின் மகள் சொல்கிறாள், அப்படி ஒன்று அச்சாகவே இல்லை என்று.

நாற்பத்தேழு செய்திகளில் பாதி பலீலின் குரல் பதிவுகள். பின்னால் லொறி ஹோர்ன் கேட்டது. பலீலின் வாயில் ‘சொல்’ எப்போதும் ‘செல்’தான். “அந்தப் புள்ளக்கி என்ன தெரியும்? அந்த நேரம் அவ பால் குடிச்சிட்டு இருந்திருப்பா. நிமலன் பொய் செல்ற ஆளா? அவன் வாயத் தொறக்கிறதே கஷ்டம்!”

ஆரூரன் அண்ணன் முறை வைத்துப் பதில் போட்டிருந்தான். “பலீல் நானா, கோவிக்காதேங்கோ. அச்சடிச்சவையே அச்சடிக்கேல்லை எண்டு சொல்லினம்.”

“அடிச்ச ஆள் மறந்திருப்பார். பறிகொடுத்தவன் மறக்க மாட்டான் தம்பி. லூக்கா அவன்ட கயித்தத்தான் அறுப்பான், புத்தகம் வந்தாப் பாருங்க. அப்படி இல்லாட்டி என்ட அறுநூறு புத்தகமும் ஒனக்கு. நானும் இந்தக் குரூப்ப விட்டுப் போறேன்.”

“சாட்சி எல்லாரும் கேளுங்கோ” என்று ஆரூரன் சிரிக்கும் முகங்கள் ஐந்தைப் போட்டிருந்தான்.

மாலையில் ஆசிரியரின் மகள் இன்னொரு செய்தி போட்டாள். மாதிரிப் பிரதிகள் ஒன்றிரண்டு வெளியே போயிருக்கலாம் என்று அப்பா சொல்கிறார், இலங்கையில் பார்த்த வாசகர் எழுதினால் புத்தகத்திலேயே போடுகிறோம் என்று. நிமலன் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வாசலால் நுழைந்து தப்பிவிடலாம், புத்தகம் வரும்வரை. அதற்குப் பிறகு பலீலின் வீட்டு அலுமாரி காலியாகும். அதுகூடப் பெரிதில்லை. எல்லார் முன்னாலும் அவன் இவனுக்காகக் கத்திய ஒவ்வொரு வார்த்தையும் அவன் வாய்க்கே திரும்பும்.

மறுநாள் காலை கடையைப் பூட்டிவிட்டுத் தம்புள்ளைக்கு பஸ் ஏறினான்.

பொருளாதார மத்திய நிலையம் என்ற மரக்கறி மொத்தச் சந்தையில் பூசணிக்காய் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பலீல் தூரத்திலேயே கையை ஆட்டினான். “ஏய் நிமலா! நீ ஏன்டா மெனக்கெட்டு வந்த? நான் பாத்துக்கிறேன் அவனுகள.”

“மச்சான், கொஞ்சம் அந்தப் பக்கம் வா.”

அங்கே அந்தப் பக்கம் என்று ஒன்று கிடையாது. எல்லாப் பக்கமும் லொறி. இரண்டு லொறிகளுக்கு இடையில் நின்றுகொண்டு நிமலன் சொன்னான்: “நான் அந்தப் புத்தகத்தப் பாக்கல.”

“எந்தப் புத்தகம்?”

“ரெண்டாம் பாகம். திருச்சியில அப்படி ஒன்னு இல்ல.”

பலீல் முதலில் சிரித்தான். பிறகு இவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். “அப்ப செக் பொயின்ட்?”

“பையப் பாத்தாங்க. வேற காமிக்ஸ் ஒன்னு இருந்துச்சு. ஆமிக்காரன் அதுல படம் பாத்தான். சிரிச்சிட்டுத் திருப்பித் தந்துட்டான்.”

“படுபாவி, அந்த மனுசனயும் கள்ளனாக்கிட்டியே.” ஒரு லொறி பின்னால் வந்தது. இருவரும் ஒதுங்கிக்கொண்டார்கள். “என்ட உம்மா மவுத்தாகிற வரைக்கும் ஒனக்காகவும் சேத்து துஆ கேட்டிச்சு, தெரியுமா? ஏன்டா?”

“ஒன் கால்...”

“என்ட கால்ல போடாத! கால் சொகமாகி இருபத்தேழு வருஷம் ஈக்கி.”

நிமலன் பேசாமல் நின்றான். பேசாமல் நிற்பது அவனுக்குப் பழக்கம்தான். அன்றைக்கு அது உதவவில்லை.

“நான் செல்ல மாட்டேன்” என்றான் பலீல். “நீயே செல்லு, குரூப்புல. எழுதிப் போட ஏலாது. நான் கத்தின மாதிரி நீயும் வாயால செல்லு.” சொல்லிவிட்டுப் பூசணிக்காய்ப் பக்கம் போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

குழு தொடங்கி ஒன்பது வருடத்தில் நிமலன் போட்ட முதல் குரல் பதிவு பத்தொன்பது விநாடி இருந்தது. நான் பார்க்கவில்லை, சொன்னதெல்லாம் நானாகச் சொன்னது, பலீலுக்கு இது தெரியாது, எல்லாரும் மன்னிச்சுக்கங்க. அவ்வளவுதான். கேட்டாயிற்று என்று காட்டும் நீல அடையாளங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. கரூர்க்காரர் குழுவை விட்டு வெளியேறினார். ஆரூரன் பட்டியலின் கடைசி வரியை அழித்துவிட்டுப் பட்டியலைப் புதிதாகப் போட்டான்.

“பலீல் நானா, பந்தயம் பகிடிக்குத்தானே. புத்தகமெல்லாம் உங்களோடயே இருக்கட்டும்” என்று எழுதினான். அதற்குள் பலீலும் வெளியேறியிருந்தான். மூன்றாம் நாள், தம்புள்ளையிலிருந்து வந்த மரக்கறி லொறி ஒன்று ஆரூரனின் வாடகை அறை வாசலில் நின்று, பதினொரு தக்காளிக் கூடைகளை இறக்கிவிட்டுப் போனது. கூடை நிறையப் புத்தகம். புத்தகம் இன்னும் வரவில்லையே, லூக்கா என்ன செய்தான் என்று இன்னும் யாருக்கும் தெரியாதே என்று ஆரூரன் போன் எடுத்துக் கெஞ்சினான். தம்புள்ளையில் வாய்ச்சொல்லை வைத்துத்தான் லொறியே ஏற்றுகிறார்கள் என்று சொல்லிவிட்டு பலீல் போனை வைத்துவிட்டான்.

தர்ஷிகாவுக்குக் கதை போய்ச் சேர ஒரு வாரம் ஆனது. “எங்கிட்ட எத்தன பொய் சொல்லியிருக்கீங்க?” என்று கேட்டாள். நிமலன் யோசித்தான். “யோசிக்காதீங்க. பேசினாத்தானே பொய் சொல்றதுக்கு” என்று அவளே சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மூன்று மாதம் பலீல் வரவில்லை, போன் எடுக்கவும் இல்லை. நிமலன் இரண்டு தடவை அவன் எண்ணுக்கு எடுத்தான். பலீலின் மனைவி முனவ்வராதான் பேசினாள். “அவர் வெளிய போயிருக்கார் நானா” என்றாள். பக்கத்தில் பலீல் இருமுவது கேட்டது.

புத்தகம் கொழும்புக் கடை ஒன்றின் வழியாகத் தபாலில் வந்தது. வந்த மறுநாள் பகல், பலீல் கடை வாசலில் நின்றான்.

“வந்திச்சா?”

“வந்துச்சு.”

“பிரிச்சியா?”

“இல்ல.”

பலீல் பார்சலை வாங்கி ஒட்டுத்தாள் ஓரமெல்லாம் நகத்தால் தடவிப் பார்த்தான். பிறகுதான் கிழித்தான். மேசையில் கம்பிச் சுருள்களை ஒதுக்கிவிட்டு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இப்போது நல்ல தாள், நிறப் படங்கள். முதல் பக்கம், முதல் படம். லூக்காவின் முகத்தில் வெளிச்சம் விழுகிறது. கத்தியால், கயிற்றில் சிக்கியிருந்த மூட்டையின் வாரை அறுக்கிறான். மூட்டை பள்ளத்தில் விழுகிறது. இரண்டாவது படத்தில் டோரியன் மேலே ஏறி வந்து, ‘நல்ல வேளை, லூக்கா!’ என்கிறார். மூன்றாவது படத்தில் இருவரும் பனியில் நடந்து போய்க்கொண்டிருக்கிறார்கள்.

பலீல் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் உரசிப் பார்த்தான்.

“இவ்வளவுதானா?” என்றான். “இதுக்கா நான் பதினொரு கூட ஏத்தினேன்?”

ஒரு தடவை சிரித்தான். தானும் சிரிக்கலாமா என்று நிமலனுக்குத் தெரியவில்லை. “நீ சென்னது...” என்று பலீல் தொடங்கினான். முடிக்கவில்லை. பக்கத்தைத் திருப்பினான். அறுபத்துநான்கு பக்கத்தையும் அவன்தான் திருப்பினான். நிமலன் ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் வாசித்து முடித்துவிட்டுக் காத்திருந்தான். லூக்கா கடைசிவரை உயிரோடு இருந்தான், பெரிதாக எதுவும் செய்யவில்லை.

“கொண்டு போ” என்று நிமலன் புத்தகத்தை நீட்டினான்.

“வேணாம். நீ வச்சிக்க. அடுத்தது வந்தா செல்லு, வாறேன்.”

பலீல் எழுந்து சாரத்தை இறுக்கிக் கட்டினான்.

“மூனு நாப்பது பஸ் போயிருச்சு” என்றான் நிமலன். “தம்புள்ளைக்கு அடுத்தது நாலு பத்துக்கு.”

கடைக்கு எதிரேதான் பஸ் நிலையம். இருபது வருடமாக அந்த பஸ்கள் அவன் கண் முன்னால்தான் வந்து போகின்றன. பலீல் தலையை ஆட்டிவிட்டு வீதியைக் கடந்தான். நேரே பஸ் நேரக் கணிப்பாளரின் கூண்டுக்குப் போய், ஜன்னலுக்குள் தலையை நுழைத்து ஏதோ கேட்டான். உள்ளேயிருந்தவர் நான்கு விரலைக் காட்டினார். பிறகு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்: நாலு பத்து. பலீல் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நிழல் தேடிப் போனான்.