கோட்டைக் கோயிலில் விட்ட சப்பாத்து

ரைன் ஆற்றங்கரையில் ஒரு பழைய கோட்டை. கெல்சென்கிர்ச்சனிலிருந்து பஸ்ஸில் வந்த நாங்கள் இருபது பேரும் அதன் முற்றத்தில் வெறுங்காலோடு நிற்கிறோம். உள்ளே ஒரு சின்னக் கோயில் இருந்தது. மாதா படத்தைக் கண்டதும் வாசலில் சப்பாத்தைக் கழற்றினோம். ஆனால் வழிகாட்டி எங்களை வெளியே விட்டது வேறு கதவால். அது பின்னால் பூட்டிக்கொண்டது.

எங்களோடு வந்த ரோசா அக்காவுக்குச் சர்க்கரை வருத்தம். காலில் காயம் படக்கூடாது. என் ஜாக்கெட்டைக் கல்லில் விரித்து, அதில் அவரை நிற்க வைக்கிறேன்.

"அடுத்த குழு வந்தால்தான் கதவு திறக்கும். இங்கே ஒருவரும் சப்பாத்துக் கழற்றுவதில்லையே" என்கிறார் வழிகாட்டும் ஜெர்மன் பெண்மணி. அக்காவுக்கு அதைத் தமிழில் சொல்கிறேன்.

"சப்பாத்தோட கும்பிட ஏலாதெண்டு அவவுக்குச் சொல்லு தம்பி."

சொல்கிறேன். வழிகாட்டி தலையாட்டுகிறார்.

கதவு திறக்கிறது. ஜப்பான்காரர் ஒரு கூட்டம், எல்லோரும் காலுறையோடு வருகிறார்கள். வாசலில் எங்கள் சப்பாத்துகளைக் கண்டு தாங்களும் கழற்றியிருக்கிறார்கள். ஒரு கையில் தங்கள் சோடி, மறு கையில் எங்கள் சோடி.

அக்கா தன் சோடியைக் கைகாட்ட, ஒரு வயதானவர் அதைக் குனிந்து அவர் காலடியில் வைக்கிறார். அக்கா கைகூப்புகிறார். வழிகாட்டி விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

"இப்ப அவவைக் கேள் தம்பி" என்கிறார் அக்கா, "ஒருத்தரும் கழற்றுறேல்லையோ எண்டு!"